பச்சைக்காரியின் இடது தோள்

ஜூன் 3

கடவுள் துணை இருக்கட்டும்.

அன்புள்ள வாலுவுக்கு அண்ணி எழுதிக்கொள்வது.

நீ அனுப்பிய பார்சல் எதிர்வீட்டு டீச்சர் முகவரிக்கு ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்துவிட்டு டீச்சரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி எதையாவது அனுப்பியிருப்பாய் என்று நினைத்திருந்தேன். நீ அனுப்பியிருப்பதோ டி.வி.யில் மாட்டி ஆடுகிற பெட்டி. மாரடைப்பு வந்து எழுந்த மனிதருக்கு நடன விளையாட்டு. உனக்கு இன்னும் யாரும் வாலை ஒட்ட நறுக்கவில்லையடி.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. எனக்கும் வழி தெரியவில்லை. உன் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து ஜன்னலோரத்து நாற்காலியை விட்டு எழுவதில்லை. தையல் கடையை மூடியாயிற்று. கத்தரிக்கோலை எண்ணெய்த் துணியில் சுற்றி மேலே வைத்துவிட்டார். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "இவர் உடம்பை அசைக்கலைன்னா அடுத்த தடவை நான் எந்த உறுதியும் தர முடியாதும்மா" என்று சொன்னார். தெருவில் நடக்கச் சொன்னால் இவர் போவதில்லை. போகிறவர் வருகிறவரெல்லாம் "எப்படி இருக்கீங்க மாஸ்டர்" என்று கேட்பார்களாம், மூச்சு வாங்கிக்கொண்டு பதில் சொல்ல வேண்டுமாம். அதற்கு உட்கார்ந்தே சாகலாம் என்கிறார். இதை விளக்கு ஏற்றும் நேரத்தில் என் காதுபடச் சொல்கிறார்.

அதனால் டாக்டரிடமே கேட்டேன். சிரித்துவிட்டு, மெதுவான பாட்டாகப் பார்த்து ஆடட்டும், மூச்சு முட்டினால் உட்கார்ந்துவிட வேண்டும் என்றார். டீச்சரின் மருமகள் வந்து கம்பிகளை மாட்டிக் கொடுத்தாள். டி.வி.க்கு அடியில் ஒரு கண் இருக்கிறது. அது நம்மைப் பார்த்துக்கொண்டே இருந்து, சரியாக ஆடினால் நட்சத்திரம் போடுமாம். எங்கிருந்து வந்தது இது என்று இவர் கேட்டார். டீச்சர் வீட்டிலிருந்து வந்தது என்றேன். அது பொய் இல்லையே.

ஒரு சிக்கல். உனக்குத்தான் நம் முன்னறை தெரியுமே. டி.வி. ஒரு சுவரில், சாமி அலமாரி எதிர்ச் சுவரில். டி.வி.யைப் பார்த்து நின்றால் சாமிக்கு முதுகைக் காட்டி ஆட வேண்டும். அது என்னால் ஆகாது. வேறு வழி இருந்தால் எழுது.

நீயும் ஏதோ கம்பெனியில் ஏதோ வேலை என்று எழுதுகிறாயே தவிர, என்ன வேலை என்று எழுதுவதில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

*

ஜூன் 11

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தில் "உட்கார்ந்தே சாகலாம்" என்ற வரியை மட்டும் கையால் மறைத்துக்கொண்டு மற்றதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

பெட்டி நான் அனுப்பியது என்று அண்ணனுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் அன்றே வாசலில் வைத்துவிடுவார். வங்கி வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் ஆடப் போகிறேன் என்று நான் சொன்ன நாள் உங்களுக்கு மறந்திருக்காது. என் முதல் மேடைக்கு மேல்சட்டை தைத்துக்கொண்டிருந்தார். வேலையை விட்டதைச் சொன்னதும் மெஷினை நிறுத்தினார். "கூத்தாடிக்கு என் வீட்டு வாசல்ல வேலை இல்ல." அவ்வளவுதான். சத்தம்கூடப் போடவில்லை. அம்மா அப்பா இல்லாத என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர், பள்ளிக்கூடச் சட்டையிலிருந்து எல்லாம் தன் கையால் தைத்துப் போட்டவர், தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கை வைக்காத சட்டை மெஷினில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் படியிறங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு என் போனை அவர் எடுத்ததே இல்லை. வீட்டில் இருக்கிற ஒரே போன் அவர் சட்டைப் பையில் இருக்கும்போது நான் வேறு எப்படி உங்களோடு பேசுவது? டீச்சருக்கு என் வணக்கம்.

சாமி அலமாரிக்கு வழி கேட்டீர்கள். அலமாரியை டி.வி. பக்கத்தில் மாற்றிவிடுங்கள் அண்ணி. சாமியும் பார்த்த மாதிரி இருக்கும்.

அண்ணனை ஆடச் சொல்லாதீர்கள். நீங்கள் ஆடுங்கள். யாராவது தப்பாக ஒரு காரியம் செய்தால் அண்ணனால் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது.

என் வேலையைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். கௌரவமான வேலைதான். நம்புங்கள்.

வாலு

*

ஜூன் 24

கடவுள் துணை இருக்கட்டும்.

அன்புள்ள வாலுவுக்கு,

நீ சொன்னது சரியாகப் போயிற்று. ஆனால் நீ நினைத்த மாதிரி இல்லை.

அலமாரியை நகர்த்த எனக்கு மனம் வரவில்லை. அதனால் பக்கவாட்டில் நின்று ஆடினேன். ஒரு தோள் சாமிப் பக்கம், ஒரு தோள் டி.வி. பக்கம், கழுத்தை மட்டும் திருப்பிக்கொண்டு. அந்தக் கண்ணுக்கு என்னில் பாதிதான் தெரிந்திருக்கும் போல. நான் எதைச் செய்தாலும் தப்பு தப்பு என்று பெருக்கல் குறி போட்டுக்கொண்டே இருந்தது. குறிப்புப் புத்தகத்தை எழுத்துக்கூட்டி முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். சாமியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

உன் அண்ணன் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். பேப்பர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கடைசியில் பொறுக்க முடியாமல், "அந்தப் பொண்ணு உன் முகத்தப் பாத்து ஆடுது, நீ யாரோ கூப்பிட்ட மாதிரி அந்தப் பக்கம் நிக்கிற. அவளுக்கு மரியாதை வேண்டாமா?" என்றார். சாமிக்கு முதுகு காட்ட மாட்டேன் என்றேன். எழுந்தார். வாலு, அவராக எழுந்தார். அலமாரியின் ஒரு பக்கத்தைப் பிடி என்றார். மூச்சு வாங்கும், வேண்டாம் என்றதற்கு முறைத்தார். டீச்சரின் மருமகளையும் கூப்பிட்டு மூவருமாக நகர்த்தினோம். இப்போது சாமியும் டி.வி.யும் பக்கத்துப் பக்கத்தில். நட்சத்திரம் விழுந்தால் முதலில் அந்தப் பக்கம் கும்பிட்டுவிட்டுத்தான் அடுத்த பாட்டு.

அந்தப் பெட்டிக்குள் எத்தனையோ பேர் ஆடுகிறார்கள். யாருக்கும் முகம் கிடையாது, வெள்ளையாக அழித்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தவள் ஒருத்தி. உடம்பெல்லாம் பச்சையாக மின்னும், ஒரு கையில் மட்டும் ஆரஞ்சு உறை. பச்சைக்காரி என்று பெயர் வைத்துவிட்டேன். அவள் ஆடுவதைப் பார்த்தால் நமக்காகவே காத்திருந்து ஆடுவது போல இருக்கும். கையைத் தூக்கப் போகிறாள் என்றால் தோள் முன்கூட்டியே சொல்லிவிடும். என்னைப் போல ஒன்றும் தெரியாதவளுக்குக்கூட, இதோ, இதோ, அவ்வளவுதான் என்று சொல்லிக் கொடுப்பது மாதிரி ஒரு ஆட்டம். எந்த ஊர்ப் பெண்ணோ. முகம் தெரியாதவளுக்கும் சேர்த்து விளக்கு ஏற்றுகிறேன்.

இனி கேள். நான் ஆடும்போது இவருடைய கால் நாற்காலிக்கடியில் தாளம் போட்டது. அடுத்து கை. அடுத்து, "நகரு, உனக்கு அந்தத் திருப்பம் வரல" என்று என் பக்கத்தில் வந்து நின்றார். மெதுவான பாட்டுகள்தான். நடுவில் உட்காருவார், தண்ணீர் குடிப்பார், மறுபடி நிற்பார். எல்லாவற்றையும் பால் கணக்குக்குப் பக்கத்தில் குறித்து டாக்டரிடம் காட்டுகிறேன். ஆனால் பச்சைக்காரியோடுதான் ஆடுவார். வேறு யார் வந்தாலும் பேப்பரை எடுத்துக்கொள்வார்.

தொழில் புத்தியும் திரும்பிவிட்டது. அவளுடைய உடுப்பைப் பார்த்து, "இத வெட்டினவனுக்குக் கண்ணு இல்ல. இடது தோள் எப்படி இழுக்குது பாரு" என்று ஆடும்போதெல்லாம் திட்டுகிறார். திட்டட்டும். திட்டுகிற அளவுக்கு மூச்சு இருக்கிறதே.

அண்ணி

*

ஜூலை 5

அன்புள்ள அண்ணி,

இதை இனியும் மறைத்தால் நீங்கள் ஏற்றும் விளக்குக்கு முன்னால் நான் நிற்க முடியாது.

பச்சைக்காரி நான்தான்.

அந்த விளையாட்டைத் தயாரிக்கும் கம்பெனியில்தான் எனக்கு வேலை. ஒரு பெரிய அறை, சுற்றிலும் ஒரே நிறத்தில் திரை. முகத்தில் வெள்ளைப் பூச்சு, கையில் உறை. கேமரா ஒரே இடத்தில் நிற்கும். மேடையில் ஒரு அசைவு தப்பினால் அடுத்ததில் சரிசெய்துகொள்ளலாம். இங்கே பாட்டு தொடங்கியது முதல் முடியும்வரை ஒரே ஓட்டமாக ஆட வேண்டும், சின்னத் தடுமாற்றம் வந்தாலும் முதலிலிருந்து. ஏனென்றால் எங்கோ ஒரு முன்னறையில் யாரோ என்னைப் பார்த்துக் கையைத் தூக்கப் போகிறார்கள். எல்லாவற்றையும் கண்ணாடிபோல இடம் வலம் மாற்றிப் படிக்க வேண்டும். நான் இடதைத் தூக்கினால் நீங்கள் வலதைத் தூக்குவீர்கள். பிறகு நிறம் ஏற்றி, முகத்தை எடுத்துவிடுவார்கள்.

என் நடன மாஸ்டர் ஒன்று சொல்வார்: "நீ நல்லா ஆடுறியாங்கறது முக்கியம் இல்ல. உன்னப் பாக்கறவங்களுக்குத் தன்னால முடியும்னு தோணணும்." அது எனக்கு வருகிறதா என்று தெரியாமலேயே இத்தனை நாள் ஆடினேன். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது. "இதோ, இதோ, அவ்வளவுதான்" என்று எழுதியிருந்தீர்களே அண்ணி, படப்பிடிப்பில் நான் மனத்துக்குள் சொல்லிக்கொள்வது அதேதான். எனக்கு இதைவிடப் பெரிய பாராட்டு யாரும் தந்ததில்லை.

தோள் இழுக்கிறது என்று அண்ணன் சொன்னதைப் படித்ததும் ஒரு கணம் பயந்துபோனேன். பிறகு, அண்ணன் யார் உடுப்பைத்தான் குறை சொல்லாமல் விட்டிருக்கிறார் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். அது உண்மையிலேயே இழுக்கத்தான் செய்தது.

தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். சொன்னால் ஆட்டத்தை நிறுத்திவிடுவார். ஒருநாளும் என் ஆட்டத்தைப் பார்க்க வராதவர் தினமும் என் எதிரில் நின்று, நான் கையைத் தூக்கும்போது தானும் தூக்குகிறார். எனக்கு இது போதும். முகம் இல்லாவிட்டால் பரவாயில்லை.

வாலு

*

ஜூலை 19

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதத்தை டீச்சர் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு படித்தேன். டீச்சர் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தார். நான் அழுவதைப் பார்த்து ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்துவிட்டார் பாவம். கெட்ட செய்தி இல்லை, எங்கள் வீட்டுப் பெண் வீடு வீடாகப் போய் ஆடச் சொல்லிக் கொடுக்கிறாள் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து டி.வி.யைப் போட்டு உன்னைப் பார்த்தேன். அடி பெண்ணே, நான் இத்தனை நாளும் பார்த்தது உன்னையா? கூத்தாடி என்று சொன்ன வாயால் இனி என்ன சொல்வார்? ஒரு மேடை ஏறுவதற்கே பயப்படுகிற உலகத்தில், முகத்தைக்கூட விட்டுக்கொடுத்துவிட்டு யாரோ எழுந்து நிற்பதற்காக ஆடுகிறாய். கோயிலுக்கு விளக்கு வாங்கிக் கொடுக்கிறவர்கள்கூடத் தங்கள் பெயரை எழுதித்தான் கொடுக்கிறார்கள்.

ஆனால் என்னை நீ நன்றாக மாட்டிவிட்டாய். டீச்சர் வீட்டிலிருந்து வந்தது என்று சொன்னபோது அது பொய் இல்லை. இன்று இவர் பக்கத்தில் நின்று உன்னைப் பார்த்துக்கொண்டே வாயை மூடியிருப்பதற்கு என்ன பெயர்? சாமியும் இப்போது டி.வி. பக்கத்திலேயே உட்கார்ந்து என்னைப் பார்க்கிறது. நகர்த்தச் சொன்னது நீதான். நேற்று ஆடும்போது கண் கலங்கிவிட்டது. "என்ன, மூச்சு முட்டுதா?" என்றார். தூசி என்றேன். பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டேன் பார்.

டாக்டருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். மாடிப்படி ஏறச் சொல்லிப் பார்த்தார். இவர் ஏறி, மேலே நின்று, "இதுக்கா இவ்வளவு நேரம் காத்திருக்க வச்சீங்க" என்றாராம். மெஷினுக்கு எண்ணெய் போட்டு ஏதோ தைக்கவும் செய்கிறார். குனியக் கூடாது என்றால் கேட்பதில்லை. யாருக்கு என்றால், "பழைய ஆர்டர்" என்கிறார்.

இவர் இப்போது திடமாக இருக்கிறார். சொல்லிவிடட்டுமா? நீ சொல்லாமல் நான் சொல்ல மாட்டேன். ஆனால் சீக்கிரம் எழுது. இதற்கு மேல் தூசி என்று சொல்ல என்னால் முடியாது.

அண்ணி

*

ஜூலை 27

அண்ணி,

வேண்டாம். அவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டால் அவருடைய இதயம் என்ன ஆகும் என்பது ஒன்று. இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். எனக்கும் ரோஷம் இருக்கிறது. போகச் சொன்னவர் அவர். வரச் சொல்ல வேண்டியவரும் அவர்தான். நீங்கள் கெஞ்சி, உடம்பைக் காரணம் காட்டி, இரக்கப்பட்டு அவர் கூப்பிட்டால் நான் வர மாட்டேன்.

அடுத்த மாதம் புதுப் பாட்டுகளுக்குப் படப்பிடிப்பு. அதில் இருவர் சேர்ந்து ஆடுகிற மெதுவான ஆட்டம் ஒன்று. மூச்சு வாங்குகிற இடத்தில் கொஞ்சம் நின்று ஆடலாமா என்று நடன மாஸ்டரிடம் கேட்டு அனுமதி வாங்கியிருக்கிறேன். யாருக்காக என்று அவரிடம் சொல்லவில்லை.

உங்களை இந்த நிலையில் வைத்ததற்கு என்னை மன்னியுங்கள்.

வாலு

*

ஆகஸ்ட் 9

கடவுள் துணை இருந்தது.

அன்புள்ள வாலுவுக்கு,

நான் சொல்லவில்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

நேற்று சாயங்காலம் பட்டன் கடைக்காரர் உடம்பு விசாரிக்க வந்தார். உன் அண்ணனுக்கு எத்தனையோ வருஷமாக நூலும் பட்டனும் கொடுத்தவர், உரிமையாகப் பேசுவார். அப்போது நாங்கள் இருவரும் உன்னோடு ஆடிக்கொண்டிருந்தோம். நான் வெட்கப்பட்டு ஒதுங்கிவிட்டேன். இவர் நிறுத்தவில்லை. அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சிரித்தார்: "என்ன மாஸ்டர், இந்த வயசுல கூத்தாடிகூடச் சேர்ந்து ஆட்டமா?"

 அந்த வார்த்தை இந்த வீட்டில் எப்போது கடைசியாகச் சொல்லப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

இவர் பாட்டு முடியும்வரை ஆடினார். கடைசித் திருப்பத்தைக்கூட விடவில்லை. நட்சத்திரம் விழுந்தது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அப்புறம் டி.வி.யைக் கை காட்டி, சாதாரணமாக, வாடிக்கையாளரிடம் துணி விவரம் சொல்கிற குரலில் சொன்னார்: "அது என் தங்கச்சி. பாத்துப் பேசு."

பட்டன் கடைக்காரர் காபி குடித்தார், போய்விட்டார்.  எப்போதிலிருந்து தெரியும் என்று இவரிடம் கேட்டேன். நீ முதன்முதலில் திரையில் வந்தபோதே தெரியும் என்றார்.

"அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே இடது தோள் இறக்கம். நான் தச்ச ஒவ்வொரு சட்டையிலயும் உள்ள ஒரு மடிப்புத் துணி வச்சிருப்பேன், அவளுக்கே தெரியாது. முகத்த அழிச்சாங்க. தோள அழிக்க முடியுமா?"

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். துண்டை மடித்துக் கொடியில் போட்டார். பிறகு, அவள் வேலையில் இருக்கிறாள், நடுவில் பேசக் கூடாது என்றார். உனக்குத் தெரியும், மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது யார் பேசினாலும் இவருக்குப் பிடிக்காது. தன் தொழிலுக்குக் கொடுக்கிற மரியாதையை உன் தொழிலுக்கும் கொடுத்திருக்கிறார். அதை வாயால் சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பழைய ஆர்டர் எது என்று இந்தப் பார்சலைப் பிரித்தால் உனக்கே புரியும். நீ போன அன்று மெஷினில் தொங்கிய சட்டை. துணிப் பெட்டியின் அடியில் வைத்திருந்திருக்கிறார், எனக்குக்கூடத் தெரியாமல். உன் ஆட்டத்தை அங்கங்கே நிறுத்தி வைத்துப் பார்த்துப் பார்த்துத் தையலைப் பிரித்து, இடுப்பைக் கொஞ்சம் விட்டு, இன்னொரு கையை வைத்து முடித்தார். இடது தோளுக்குள் விரலை விட்டுப் பார். மடிப்பு இருக்கும்.

ரோஷத்தைப் பற்றி எழுதியிருந்தாய். நான் கெஞ்சவில்லை, உடம்பைக் காரணம் காட்டவில்லை, உன் கடிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்சல் கட்டி முடித்த பிறகு அவராகத்தான் நூலைக் கடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவர் சொன்னது போலவே எழுதுகிறேன்:

"டி.வி.ய பாத்துத் தச்சது. அளவு சரியா இல்லைன்னா நேர்ல வந்து அளவு குடுக்கச் சொல்லு."

அவ்வளவுதான் அவரால் முடிந்தது. இதற்கு மேல் எதிர்பார்க்காதே.

உன் அண்ணன் கையை எனக்குத் தெரியும். சட்டை அச்சாகப் பொருந்தும். இருந்தாலும் சரியாக இல்லை என்று பதில் எழுது. இந்த ஒரு பொய்யை நீ சொல்லு, அதைச் சாமியிடம் நான் என் கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.

அண்ணி